செய்தி வேடம் பூண்ட சிரிப்பு

1957 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இரவு, இங்கிலாந்து நாட்டு மக்கள் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு செய்திப் படத்தைக் கண்டனர். சுவிட்சர்லாந்தின் தெற்குப் பகுதியாகிய டிச்சினோவில் ஓர் உழவர் குடும்பத்தார் மரங்களிலிருந்து ஸ்பெகட்டி பறித்துக்கொண்டிருந்தனர். ஸ்பெகட்டி என்பது, நம் நாட்டுச் சேமியாவைப்போலக் கோதுமை மாவைப் பிசைந்து நீண்ட இழைகளாக்கி உலர்த்தும் இத்தாலிய உணவு. அது மரத்தில் காய்ப்பதன்று. ஆயினும் படத்தில் கிளைதோறும் அவ்விழைகள் தொங்கின. பெண்கள் அவற்றைக் கொய்து கூடையில் இட்டு வெயிலில் உலர வைத்தனர். பனிக்காலம் கடுமையாக இல்லாமையால் விளைச்சல் மிகுந்ததென்றும், பயிரை அழிக்கும் வண்டின் தொல்லை ஏறக்குறைய ஒழிந்ததென்றும் ஒரு குரல் அமைதியாக எடுத்துரைத்தது. மூன்று நிமிடமே ஓடிய அப்படம் முடிந்ததும் நூற்றுக்கணக்கானோர் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தனர். இஃது உண்மைதானா என வினவினோர் சிலர். அம்மரத்தைத் தம் தோட்டத்தில் வளர்ப்பது எப்படி என வினவினோரும் உண்டு!

அந்நாளில் அவ்வுணவு இங்கிலாந்து மக்கள் பலர்க்குப் புதியது என்பது இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணமே நம் சிந்தனைக்கு உரியது. படத்தில் பேசிய குரல் ரிச்சர்டு டிம்பிள்பி என்பாருடையது. 1945 ஆம் ஆண்டில் பெல்சன் என்னும் கொடிய சிறை முகாமின் அவலத்தை உலகுக்கு உரைத்த குரல் அது. 1953 ஆம் ஆண்டில் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவை வீடுதோறும் கொண்டு சேர்த்த குரலும் அதுவே. அக்குரல் பொய்யுரைக்கும் என்று எவரும் எண்ணவில்லை. மக்கள் மரத்தை நம்பவில்லை, குரலை நம்பினர்.

செய்தி என்பது சொற்களால் மட்டும் ஆவதன்று. தொடக்கத்தில் முழங்கும் இசை, சுழலும் உலக உருண்டை, அகன்ற மேசை, அதன் பின்னே நிமிர்ந்து அமர்ந்திருப்பவரின் உடை, புருவ நெரிப்பு, சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளி ஆகிய அனைத்தும் சேர்ந்தே நம்மை நம்பச் செய்கின்றன. மேசைமேல் அடுக்கி வைத்த தாள்களை அவர் அடிக்கடி சரிசெய்வதைக் கண்டிருப்பீர்கள். அவர் படிப்பதோ பெரும்பாலும் அத்தாள்களை அன்று; ஒளிப்படக் கருவியின் முன்னுள்ள கண்ணாடியில் ஓடும் எழுத்துக்களையே. தாள்கள் ஒருவகை அணிகலன் என்க. அமைச்சர் உறங்கச் சென்ற பின்னும் அவர் மாளிகையின் பூட்டிய வாயிலில் ஒருவர் ஒலிவாங்கியுடன் நின்று, உள்ளே என்ன நடக்கிறது என்பதை நமக்கு உரைப்பதும் அத்தகைய அணியே. இவற்றைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவை மெய்க்குச் சான்றும் ஆகமாட்டா. இவ்வேறுபாட்டை மக்களுக்கு உணர்த்தும் பணியைச் செய்தியாளர் செய்வதில்லை. அதைச் செய்பவர் செய்திப் பகடி செய்வோரே என்பது என் கருத்து.

பகடி நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம் என்றும் பழிகரப்பு அங்கதம் என்றும் இருவகைப்படுத்தினார். முன்னது வெளிப்படையாக வைதுரைப்பது. பின்னது பழியை மறைத்து வைத்துப் பேசுவது. அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலக் கொட்டிலைக் கண்டு அவை மாலை சூடி நெய் பூசப்பெற்றுப் பளபளப்பதைப் பாராட்டினார். தம் தலைவன் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதாகக் கூறினார். கேட்பதற்கு அது புகழ்ச்சி. போரையே காணாத வேல்கள் என்பது அதனுள் மறைந்த பொருள். செய்திப் பகடியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அது செய்தியை வைவதில்லை. செய்தியின் ஆடையை உடுத்து, செய்தியின் குரலிலேயே பேசி, நம்மை நகைக்க வைக்கிறது.

தொலைக்காட்சியில் இக்கலை வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1962 ஆம் ஆண்டின் இறுதியில் பி.பி.சி. ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. ‘சென்ற வாரம் இப்படியாகச் சென்றது’ என்பது அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். டேவிட் பிராஸ்டு என்னும் இளைஞர் அதனை நடத்தினார். ஆட்சியாளரை அத்துணைத் துணிவுடன் தொலைக்காட்சியில் எள்ளியவர் அதற்கு முன் அந்நாட்டில் இலர். 1964 தேர்தல் ஆண்டு என்பதைக் காரணங்காட்டி, 1963 டிசம்பரிலேயே அதனை நிறுத்திவிட்டனர். 1975 இல் அமெரிக்காவில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்னும் நிகழ்ச்சியில் செவி சேஸ் என்பார் போலிச் செய்தி வாசிக்கத் தொடங்கினார். 1979 இல் இங்கிலாந்தில் ‘ஒன்பது மணிச் செய்தி அன்று’ என்ற பொருளுடைய பெயரில் ஒரு நிகழ்ச்சி எழுந்தது. உண்மையான ஒன்பது மணிச் செய்தி ஓர் அலைவரிசையில் ஓடும்போது, மற்றோர் அலைவரிசையில் இஃது ஓடியது. இவையெல்லாம் நல்ல நகைச்சுவையே. எனினும் இவற்றில் செய்தி மேசை பெரும்பாலும் நகைச்சுவையாளர் அமரும் இருக்கையாகவே பயன்பட்டது. அமைச்சரின் நடையைக் கேலி செய்தனர். செய்தி வாசிப்பாரின் நடை அவ்வளவாக அகப்படவில்லை.

அக்குறையைத் தீர்த்தது, 1994 ஆம் ஆண்டில் பி.பி.சி. யின் இரண்டாம் அலைவரிசையில் ஒளிபரப்பான ‘தி டே டுடே’ என்னும் நிகழ்ச்சி. ‘நாள் இன்று’ என்பதுபோல் ஒலிக்கும் அப்பெயரே ஒரு பகடி. முழக்கம் உண்டு, பொருள் இல்லை. ஆறே பகுதிகள் வந்தன. கிறிஸ் மாரிஸ் என்பாரும் அர்மாண்டோ இயனூச்சி என்பாரும் அதனை உருவாக்கினர். மாரிஸ் முன்னர் உள்ளூர் வானொலி நிலையங்களில் பணியாற்றியவர். ஆகவே செய்தி சமைக்கும் அடுக்களையை அவர் உள்ளிருந்தே அறிந்திருந்தார். 1991, 1992 ஆம் ஆண்டுகளில் இருவரும் வானொலியில் ‘ஆன் தி அவர்’ என்னும் போலிச் செய்தி நிகழ்ச்சியை நடத்திப் பயின்றனர். அக்காலம் எத்தகையது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். நாள் முழுவதும் செய்தி தரும் சி.என்.என். நிலையம் 1980 இல் தோன்றியிருந்தது. 1991 ஆம் ஆண்டின் வளைகுடாப் போரை மக்கள் வீட்டில் இருந்தவாறே நேரலையில் கண்டனர். போர்க்கெனத் தனி இசையும் தனி ஓவியமும் தனித் தலைப்பும் அமைந்தன. செய்தி பெருகவில்லை, செய்தி நேரம் பெருகிற்று. நேரத்தை நிரப்பவேண்டிய கட்டாயம் எழுந்த இடத்தில் முழக்கம் புகுந்தது.

‘தி டே டுடே’ செய்வோர் வெளிப்படையாக எதையும் கேலி செய்யவில்லை. முதலில் செய்தி நிகழ்ச்சியின் புறத்தோற்றத்தைப் பழுதின்றி அமைத்தனர். தொடக்க இசை உண்மை நிகழ்ச்சியின் இசையினும் சற்றே நீண்டது. சுழலும் உருவங்கள் சற்றே மிகுதி. பொருளாதாரச் செய்தி கூறும் பெண், விளங்காத எண்களை விரைந்து அடுக்கி, நாணய மதிப்பைக் காட்டச் சிறுநீரக வடிவில் ஒரு படத்தைக் காட்டுவார். விளையாட்டுச் செய்தி கூறுபவர்க்கு விளையாட்டே தெரியாது. ஸ்டீவ் கூகன் நடித்த அப்பாத்திரம் பின்னாளில் பெரும்புகழ் பெற்றது. ஒரு செய்தியாளர், தாம் ஜெர்மானிய அமைச்சரோடு பேசியதாகக் கூறுவார். “அவர் கூறியதை ஜெர்மன் மொழியிலேயே கூறும்” என்று நடுவில் அமர்ந்த மாரிஸ் கேட்பார். செய்தியாளர் வாய்க்கு வந்த ஒலிகளை உளறி அகப்பட்டுக்கொள்வார். இங்கு நகைக்கு இலக்காகுபவர் அவர் மட்டும் அல்லர்; உடன் பணிபுரிபவரை உலகத்தார் முன் நையப் புடைக்கும் அந்தத் தலைமை வாசிப்பாளரும் ஆவார்.

இவ்வெழுத்தின் நுட்பத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். “அந்த அமைச்சரின் மூக்கு நீளம்” என்று செய்தி வாசிப்பவர் போல் ஒருவர் கூறினால் அது பகடி ஆகாது, வெறும் ஏளனமே. “இன்று நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் காலைப்பொழுது விடிந்ததாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன, மாலையும் வரக்கூடும் என வல்லுநர்கள் எச்சரிக்கின்றனர்” என்று ஒருவர் முகம் மாறாமல் வாசித்துப் பார்க்கட்டும். வாக்கியத்தின் எலும்புக்கூடு முழுவதும் செய்தியினுடையது. உள்ளே தசை இல்லை. ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள்’, ‘வல்லுநர்கள்’, ‘எச்சரிக்கின்றனர்’ என்னும் சொற்களை நாளும் கேட்டுப் பழகிய நம் செவி, அவை வெறுமையாக ஒலிக்கும்போதுதான் விழித்துக்கொள்கிறது. இவ்வகையில் வாசிப்பவர் சிறிதேனும் முறுவலித்தால் எல்லாம் கெட்டது. இக்கலையில் மிகை எளிது, ஒத்திருத்தலே அரிது. அரிதானதையே நான் உயர்ந்ததாகக் கொள்கிறேன்.

அந்நிகழ்ச்சியின் போர்ப் பகுதியை இக்கலையின் தலைசிறந்த பத்து நிமிடங்களுள் ஒன்றாகக் கருதலாம். ஆஸ்திரேலியாவும், அன்று பிரிட்டனின் ஆட்சியில் இருந்த ஹாங்காங்கும் வணிக உடன்படிக்கை செய்துகொண்டன என்பது கற்பனைச் செய்தி. இரு தரப்பினரும் மகிழ்ச்சியோடு திரையில் தோன்றுகின்றனர். மாரிஸ் அவர்களிடம் நயமாக வினவத் தொடங்குகிறார். “மற்றவர் சொல் தவறினால் என்ன செய்வீர்?” ஒருவர் சிறிது தயங்கி விடையிறுக்கிறார். அவ்விடையை மற்றவரிடம் சற்றே கூர்மையாக்கி எடுத்துரைக்கிறார் மாரிஸ். சில நொடிகளில் நட்புரை பகையுரையாகிறது; பகையுரை போர் முரசாகிறது. போர் மூண்டதும் மாரிஸ் முகத்தில் தோன்றும் களிப்பைக் காணவேண்டும்! உடனே போருக்கென முன்னரே அமைத்து வைத்திருந்த இசை முழங்குகிறது; புதிய அரங்கம் ஒளிர்கிறது; ஆஸ்திரேலிய ஹாங்காங் எல்லையிலிருந்து செய்தியாளர் பேசுகிறார். அவ்விரு நிலங்களுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான கல் தொலைவு கடலும் பிற நாடுகளும் கிடக்க, எல்லை ஏது? ஆனால் வரைபடமும் குரலும் அத்துணை உறுதியாய் இருப்பதால் நாமும் ஒரு நொடி அவ்வெல்லையை ஏற்றுக்கொள்கிறோம். நகைப்பு அதன் பின்னரே வருகிறது. ஒரு நிகழ்ச்சியை அறிவிக்கும் கடமை உடையவன், அதனை மூட்டி விடுபவனாக மாறுவது எவ்வளவு எளிது என்பதைப் பத்துக் கட்டுரைகள் எழுதினும் இவ்வளவு தெளிவாக விளக்க இயலாது. நாள் முழுவதும் ஓடும் செய்தி அலைவரிசைகளைக் கண்டு பழகிய இன்றைய இளைஞர்க்கு அப்பகுதி பகடியாகவே தோன்றாமற்போகலாம் என்பது வருந்தத்தக்கது.

மாரிஸ் அடுத்து 1997 இல் ‘பிராஸ் ஐ’ என்னும் தொடரைச் செய்தார். அதில் ‘கேக்’ என்று ஒரு போதைப்பொருள் பரவி வருவதாகக் கதை கட்டி, பெரியதொரு மஞ்சள் மாத்திரையையும் செய்து, புகழ்பெற்றோர் பலரிடம் சென்றனர். அப்பொருள் மூளையில் காலத்தை உணரும் பகுதியைத் தாக்கும் என்று, இல்லாத ஓர் உறுப்பின் பெயரையும் எழுதிக் கொடுத்தனர். அவர்களும் மாத்திரையைக் கையில் ஏந்தி, எழுதிக் கொடுத்ததை உருக்கமாக வாசித்தனர். எவரும் ஒரு மருத்துவரைக் கேட்டறியவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், ஒளிபரப்பிற்கு முன்பே 1996 ஆம் ஆண்டில், அப்போதைப்பொருளைப் பற்றி அவையிலேயே வினா எழுப்பிவிட்டார். அவரும் தீயவர் அல்லர்; இளைஞர்க்குத் தீங்கு நேரும் என அஞ்சியே பேசினார். அதனால் அன்றோ இந்நிகழ்ச்சி நம்மை இன்னும் மிகுதியாகச் சிந்திக்க வைக்கிறது?

இதனை ஏமாற்று என்று கூறுவோர் உளர். அவர்கள் கூற்றை எளிதாகத் தள்ளிவிட இயலாது. வேடமிட்டு ஒருவரை அணுகி, அவர் அறியாமலே அவரை நகைப்பொருளாக்குதல் அறமா? நான் இவ்வாறு பகுத்துக் காண்பேன். கருத்துரைக்கும் தகுதியும் பெயரும் உடையவர், தாம் அறியாததை அறிந்ததுபோல் உரைத்தால் அவர் பெயரே மக்களுக்குத் தீங்காகும். அவரைச் சோதித்தல் தகும். எளியவரை அவ்வாறு சோதித்தல் தகாது. இரண்டாவதாக, பார்ப்பவர் கையில் திறவுகோல் இருத்தல் வேண்டும். ‘பிராஸ் ஐ’ பார்த்தவர் அது பகடி என்பதை அறிவர். ஸ்பெகட்டி மரத்திற்கும் ஏப்ரல் முதல் நாள் என்னும் திறவுகோல் இருந்தது. சிறியதுதான், ஆனால் இருந்தது. பொய்ச்செய்தி பரப்புவோனும் இதே உடையைத்தான் உடுத்துகிறான். ஆனால் அவன் அதனைக் கழற்றுவதே இல்லை. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் செய்தி வாசிப்பவரின் முகத்தையும் குரலையும் அப்படியே உருவாக்க இயல்கிறது. பகடி நிகழ்ச்சியின் ஒரு துணுக்கை வெட்டி, முன்னும் பின்னும் இன்றிக் கைப்பேசி வழியே பரப்பினால், நேற்றைய பகடி இன்றைய பொய்யாகிவிடும். ஆகவே திறவுகோல் இன்று முன்னினும் பெரியதாக இருத்தல் வேண்டும் என்பேன். இதனால் கலையின் கூர்மை சிறிது மழுங்கும், மழுங்கட்டும்.

அமெரிக்கர் வேறொரு வழியைக் கண்டனர். ‘தி டெய்லி ஷோ’ 1996 இல் தொடங்கியது. 1999 முதல் 2015 வரை அதனை நடத்திய ஜான் ஸ்டூவர்ட், கற்பனைச் செய்திகளைக் காட்டிலும் உண்மைப் படத்துண்டுகளையே நாடினார். காலையில் எழுத்தாளர் கூடி அன்றைய செய்திகளை ஆய்வர். துணுக்குகளைத் தேடி எடுப்பர். பிற்பகலில் ஒத்திகை நடக்கும். மாலையில் மக்கள் முன்னிலையில் பதிவு செய்து இரவில் ஒளிபரப்புவர். ஒருவர் இன்று கூறியதையும் முன்னொரு நாள் கூறியதையும் அடுத்தடுத்து வைப்பதே அவர்களுடைய முதன்மையான உத்தி. 2003 இல், பிற நாடுகளைக் கட்டியமைப்பது அமெரிக்காவின் பணியன்று என 2000 ஆம் ஆண்டுத் தேர்தலில் பேசிய புஷ்ஷையும், ஈராக் போர் நடத்திய குடியரசுத்தலைவர் புஷ்ஷையும் எதிரெதிரே நிறுத்தி ஒரு சொற்போரே நடத்திக் காட்டினர். ஒரு சொல்லும் கட்டியதன்று. அடுக்கிய முறையே கேலி. 2010 டிசம்பரில், இரட்டைக் கோபுரத் தாக்குதலின்போது மீட்புப் பணி செய்து நோயுற்றவர்க்கு மருத்துவ உதவி அளிக்கும் மசோதா மேலவையில் முடங்கிக் கிடந்தது. பெருநிலையங்கள் அதனைப் போதிய அளவு கவனிக்கவில்லை. ஸ்டூவர்ட் அத்தொழிலாளர் நால்வரை அமர்த்தி அவர்களைப் பேச வைத்தார். ஒரு வாரத்திற்குள் அம்மசோதா நிறைவேறியது. அவர் ஒருவரால்தான் நிறைவேறிற்று என்பது மிகை. ஆனால் நகைச்சுவையாளர் செய்தியாளர் பணியைச் செய்ய நேர்ந்தது என்பதில் மிகை இல்லை.

இத்தகைய நிகழ்ச்சிகள் இளைஞரைச் செய்தியையே வெறுக்கச் செய்யும் என்று சிலர் அஞ்சுவர். செய்தியை அறியாதவனுக்குச் செய்திப் பகடியில் நகைக்க ஒன்றும் இராது என்பதே என் விடை. மேலும், எள்ளத் தெரிந்தவர்க்கு அடங்கவும் தெரியும். 1963 நவம்பரில் கென்னடி கொலையுண்ட மறுநாள், மேற்கூறிய டேவிட் பிராஸ்டு நிகழ்ச்சி கேலியனைத்தையும் ஒதுக்கிவிட்டு இரங்கலுரையாகவே நடைபெற்றது. உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. ஸ்டீபன் கோல்பேர் என்பார் 2005 முதல் 2014 வரை, ஆரவாரமாகப் பேசும் வலதுசாரி விமரிசகரைப்போல் வேடமிட்டு ஒரு நிகழ்ச்சி நடத்தினார். 2009 இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, அவர் எள்ளிய கொள்கையை உடையோர் பலர், அவர் விளையாட்டாகப் பேசினாலும் உள்ளத்தில் தம் பக்கமே என்று எண்ணினராம்! பழியை மிக ஆழமாகக் கரந்துவிட்டால் அதனைப் புகழாகவே கொள்வோரும் இருப்பர். தொண்டைமானும் ஔவையார் சொல்லைக் கேட்டு மகிழ்ந்திருந்தால் நாம் என்ன செய்வது?

இக்கலைக்கு விலையும் உண்டு. எகிப்து நாட்டில் பாசெம் யூசுப் என்னும் இதய அறுவை மருத்துவர், 2011 ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் தம் வீட்டிலேயே பதிவு செய்து இணையத்தில் வெளியிட்ட எள்ளற் செய்தி, விரைவில் தொலைக்காட்சி நிகழ்ச்சியாயிற்று. குடியரசுத்தலைவர் மோர்சியின் ஆட்சியில், 2013 மார்ச்சு மாத இறுதியில் அவரை அரசு வழக்குரைஞர் அழைத்து விசாரித்தார். பதினைந்தாயிரம் எகிப்திய பவுண்டு பிணையில் அவர் வெளிவந்தார். ஜூலையில் படைத்துறை மோர்சியை அகற்றியது. யூசுப் புதிய ஆட்சியைச் சூழ்ந்த புகழ்ச்சியையும் எள்ளினார். நவம்பரில் அவருடைய நிலையம் நிகழ்ச்சியை நிறுத்தியது. 2014 இல் வேறொரு நிலையத்தில் மீண்டும் தொடங்கினார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், தமக்கும் தம் குடும்பத்தார்க்கும் தீங்கு நேருமென்னும் அச்சத்தில் வாழ்ந்து சலித்துவிட்டதாகக் கூறி, நிகழ்ச்சியை முடித்துக்கொண்டார். ஒன்றுக்கொன்று பகையான இரண்டு ஆட்சிகளும் ஒரே மேசையைக் கண்டு அஞ்சின. பின்னர் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். இன்று அயல்நாட்டில் வாழ்ந்து ஆங்கிலத்தில் நகைச்சுவை பேசி வருகிறார்.